மடங்கிய முழங்கால்

ஸீனத்தின் வலதுகால் எருக்கலம்பிட்டி மையவாடி மண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. மீதி ஸீனத், இரண்டு ஒழுங்கை தள்ளி, மோட்டார் பூட்டிய மெசினில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறாள்.

துணி கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்.

"மிதிவெடியா பிள்ள?"

"இல்ல மாமி. இது உள்ளுக்குள்ள நானே வளத்தது."

முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்பில் புற்றுநோய். கால் ஒரு வருடம் மடங்காமல் விறைத்துக் கிடந்தது. பிறகு கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் தொடையோடு எடுத்தார்கள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மீன் வியாபாரியான கணவன் நௌபர், எடுத்த காலைக் கேட்டு வாங்கி, ஐஸ் போட்ட மீன் பெட்டியில் ஊருக்குக் கொண்டுவந்து அடக்கினான். அவள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள், எதையும் பார்க்கவில்லை.

இரண்டு வருடமாகியும் இல்லாத கால் அவளை விட்டுப் போகவில்லை. மடங்கவே மறுத்த முழங்கால் இப்போது மடிந்தே கிடக்கிறது. நீட்டப் பார்த்தால் நீளாது. தைத்துக்கொண்டிருக்கும்போதே இறுக்கிப் பிடிக்கும். ஊசி பாதித் தையலில் நின்றுவிடும்.

போன மாதம் கிளினிக்கில் நெஞ்சுப் படம் சுத்தமாக வந்தது. நோய் நெஞ்சுக்கு ஏறவில்லை. நௌபர் அல்ஹம்துலில்லாஹ் என்றான். கால் நோவைச் சொன்னபோது, மூளை இன்னும் காலைத் தேடுகிறது என்று டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்த பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது ஸீனத் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பெட்டிக்குள்ள என்ர கால் நேராவா கிடந்தது?"

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை? படம்தான் நல்லா வந்திருக்கே."

"பாரைமீனையே வாலை மடிச்சு அடைக்கிற ஆள் நீங்கள். சொல்லுங்கோ."

அவன் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடி சொன்னான்.

"பெட்டி கட்டை, ஸீனத். கால் கொள்ளேல்ல. மடிச்சன். லேசில மடங்கேல்ல. சத்தம் கேட்டுது."

"குழிக்குள்ள வைக்கேக்க நீட்டினீங்களா?"

"ஏலாமப் போச்சு. அப்பிடியே வைச்சன்."

"எப்பிடி? காட்டுங்கோ."

அவன் கையைத் தூக்கி முழங்கையை மடித்தான். பிறகு மணிக்கட்டை மெல்ல உள்ளே திருப்பினான்.

இல்லாத பாதம் உள்ளே திரும்பிக் கிடப்பதை அவள் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"மௌலவியிட்டக் கேட்டுப்போட்டு, கிண்டி நீட்டி விடட்டா?" என்றான் நௌபர்.

"வேணாம்," என்றாள் ஸீனத். "நீட்டின பிறகும் நொந்தா, நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"