கொட்டாஞ்சேனைக் குடிலில் ஒரு குழாய்க் கல்

மனைவி கொடுத்துவிட்ட பார்சலை எடுக்கப் போவதற்காக மீசைக்கு டை அடித்துக்கொண்ட மனிதன் இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி வாசுகி நியூசிலாந்தில், பூமிக்கடியிலிருந்து வரும் கொதிநீரால் மின்சாரம் எடுக்கும் நிலையமொன்றில் இரசாயனவியலாளர். "ஜெறோம் வீட்ட ஒரு சாமான் குடுத்துவிட்டிருக்கிறன். நீங்களே போய் எடுங்கோ, வேற ஆளை விடாதேங்கோ. ரெண்டு கிலோ வரும், பை கொண்டு போங்கோ," என்று தொலைபேசியில் சொன்னாள். ஜெறோம் அவளோடு வேலை செய்கிறவர், நத்தார் பண்டிகைக்குக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் 'நீங்களே போய்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிற மாதம் வேறு. இரண்டு வருடமாகக் காணாதவள் சொல்லாமல் வந்து அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பையை ஒரு நடிப்புக்காக எடுத்துக்கொண்டேன்.

காலை ஒன்பதரைக்கு வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். கோட்டை வரைக்கும் இடப்பக்கம் கடல். ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் தலைமயிரையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மூன்று கிலோமீட்டர், த்ரீவீலுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.

"கலியாண வீட்டுக்கா சேர்?" என்றார் சாரதி.

"இல்ல, ஒரு பார்சல் எடுக்க."

"பார்சலுக்கா இவ்வளவு சென்ட்?"

பத்தரைக்கு, காகித நட்சத்திரங்கள் தொங்கிய ஒரு ஒழுங்கையில் இறங்கினேன். கதவைத் திறந்தவர் ஜெறோமின் மனைவி பிலோமினா. அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"ஆரைத் தேடுறீங்க அண்ணன்?"

"செருப்பு வைக்க இடம்."

உள்ளே ஜெறோம் மட்டுமே இருந்தார். மூலையில் இயேசு பாலன் குடில். அதில் வளைந்த வெள்ளைக் கல் ஒன்று, மேலே ஓர் இடையனும் இரண்டு ஆடுகளும்.

"ஐயோ, அதுதான் உங்கட சாமான்," என்றார் பிலோமினா. "குடிலுக்கு நல்ல மலையா இருந்திச்சு. கோவிக்காதீங்க."

ஜெறோம் ஆடுகளை இறக்கிவிட்டுக் கல்லை என் மடியில் வைத்தார். "கீழ கொதிக்கிற தண்ணியில பாறை கரைஞ்சிருக்கும் அண்ணன். மேல வந்து ஆற ஆற, குழாய்க்குள்ள ஒட்டும். வினாகிரிக்கு அசையாது, இறுகினா உடைக்கத்தான் வேணும்."

ஒட்டாமல் பார்ப்பதுதான் வாசுகியின் வேலை. தண்ணீரில் அமிலத்தை அளந்து விடுவாள். குறைந்தால் கல் பிடிக்கும், கூடினால் குழாயையே தின்றுவிடும். நானோ அவள் அங்கே சுடுதண்ணி காய்ச்சுவதாக ஊரெல்லாம் பகிடி விட்டுத் திரிந்தவன்.

"இந்தத் தடிச்ச அடுக்கெல்லாம் முந்திப் பிடிச்சது," என்று வெளிப்புறத்தைக் காட்டிவிட்டு உட்புற விளிம்பைத் தொட்டார். "இந்த மெல்லிசுதான் அக்கா வந்த பிறகு."

பெருவிரலால் தடவிப் பார்த்தேன். நான் காணாத அவளுடைய இரண்டு வருடம் ஒரு நகத்தின் கனம்கூட இல்லை.

"இப்ப புதுக் கிணறு ஒண்டு. அதுக்கு அளவு பிடிபட இன்னும் ஒரு வருஷம் அக்கா நிண்டாத்தான்..." என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குச் சொல்லேல்லயா?"

பிலோமினா அவசரமாகக் கேக் வெட்டப் போனார்.

புறப்படும்போது கல்லைத் திரும்பக் குடிலிலேயே வைத்தேன். பிலோமினா எவ்வளவோ மறுத்தார். ஆடுகள் எங்கே போகும்? குடில் கலைக்கும்போது வந்து எடுக்கிறேன் என்றேன். பைக்குள் கேக்தான் வந்தது.

வெள்ளவத்தையில் அதே வீடு. தேநீருக்குக் கேத்தலை எடுத்தேன், அடியில் லேசாக வெள்ளை பிடித்திருந்தது. தேய்க்க மனம் வரவில்லை. இரண்டு வருடமாக ஒரு கோப்பைக்கு மட்டும் காய்ச்சியதில் பிடித்தது அது.

தொலைபேசி அடித்தது.

"கல்லைப் பாத்தீங்களோ? அதைப் பாத்த பிறகு சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்," என்றாள். "இன்னும் ஒரு வருஷம் நிக்கட்டே?"

"நில்லும்," என்றேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "நான் நீர்தான் வந்திட்டீர் எண்டு நினைச்சுப் போனனான்."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரெண்டு கிலோ எண்டு சொன்னனான்தானே," என்றாள். "நான் ரெண்டு கிலோவே?"