வெறுமையாக விட்ட கட்டம்

கணவரை இழந்த பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்புக்காக, கொக்குவிலில் நான் வேலை செய்யும் நிறுவனத்தில் மென்பொருள் எழுதினேன். "கணவர் உயிருடன் உள்ளாரா?" என்ற கேள்விக்கான பதில் 'இல்லை' என்பதற்குச் சமமாக இருந்தால்தான் உதவி.

அக்காவின் விவரத்தையும் பதிந்தேன். அத்தான் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர்.

"இல்லை எண்டு போடாதை," என்றாள் அக்கா.

"அப்ப ஓம் எண்டு போடவோ?"

"அதுவும் எனக்குத் தெரியாது. சும்மா விடு."

வெறுமையாக விட்டேன். வெறுமை 'இல்லை'க்குச் சமமில்லை என்று கணினி அவளைத் தள்ளிவிட்டது. அமைப்பினரிடம் பேசி, "இல்லை அல்லது வெறுமை" என்று நிபந்தனையை மாற்றினேன். அக்காவுக்குத் தையல் இயந்திரம் கிடைத்தது.

"என்னடா போட்டனி?" என்று கேட்டாள்.

"ஒண்டும் போடேல்லை அக்கா."

அந்த 'அல்லது' அத்தானை இறந்தவர்களோடு சேர்த்துவிட்டதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.