சின்னவனுக்குப் பனி

நாங்கள் கைதிகள் இல்லை என்று அந்தப் போலீஸ்காரர் தினமும் காலையில் சொல்வார். சொல்லிவிட்டு வேலிப் படலை இழுத்துக் கட்டிக்கொண்டு போவார்.

ஆரல்வாய்மொழியில், சமஸ்தான எல்லையைத் தாண்டியதும் உடைமுள் வேலி வளைத்து இரண்டு ஓலைக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஆண்கள், மற்றதில் பெண்களும் பிள்ளைகளும். கிழக்கே வைசூரி அம்மை கண்டிருந்ததால் அந்த வழியாக வந்த குடும்பங்களையெல்லாம் இறக்கி உள்ளே அடைத்துவிட்டார்கள். நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் இனி வேலை இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் ஊர் பூதப்பாண்டிப் பக்கம். வேலியைத் திறந்துவிட்டிருந்தால் நடந்தே போய்ச் சேர்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டிருக்கலாம்.

அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. சிறு பிள்ளையாகத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே அப்பாவைக் கட்டிக்கொண்டவள். புருஷன் ஊரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

கொட்டகைக்குள் இடமில்லை. முதலில் வந்தவர்கள் நடுவில் படுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு ஓலைக்கு வெளியே பாதி உடம்பு. மார்கழி மாதம். காலையில் எழுந்தால் துணியைப் பிழியலாம். தம்பி இன்னும் நடை பழகாதவன். அவனைப் பனியில் போட்டு வைத்திருக்கிறோமே என்பதுதான் அம்மாவுக்கு ஓயாத கவலை. நடுவில் படுத்தவர்களிடம் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். "நாங்க மட்டும் மெத்தையிலயா கெடக்கோம்?" என்றாள் ஒருத்தி.

டாக்டர் குதிரை வண்டியில் வருவார். திருவனந்தபுரத்துக்காரர். படலுக்கு வெளியே குடை பிடித்து நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போவார். யாரையும் தொடமாட்டார். பக்கத்தில் போலீஸ்காரர் நிற்பார். ஒருநாள் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் போனாள். நானும் போனேன்.

"சாமி, சின்னவனுக்குப் பனி ஆகாது. பனியிலயே கெடக்கான்."

டாக்டர் குடையை நிமிர்த்தினார். "ஆர்க்கா பனி? கொச்சினோ?" என்று தம்பியைக் காட்டினார்.

"ஆமா சாமி, இவனுக்குத்தான்."

"பனி எத்தனை நாளாயிட்டு?"

"வந்த நாள் தொட்டு, சாமி. விடியக்காலம் ரொம்ப."

"விறையல் உண்டோ?"

"விறைச்சுப் போறான் சாமி."

அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். பெரிய டாக்டர் ஒருவர் தன் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டு நின்றதே இல்லை. டாக்டர் கையைக் காட்டினார். மூக்கில் துணி கட்டிய இரண்டு பேர் வந்து தம்பியை வாங்கிக்கொண்டு, தள்ளியிருந்த ஓட்டுக் கட்டடத்துக்குப் போனார்கள். அம்மாவை விடவில்லை. கூரை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, பாலும் ரொட்டியும் கொடுப்பார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அம்மா வேலி ஓரமாகவே நடந்துபோய், அப்பா இருந்த கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள். "சின்னவனுக்கு ஓட்டுக் கட்டடத்துல எடம் கெடச்சிருக்கு!" காற்றில் என்ன போய்ச் சேர்ந்ததோ, அப்பா துண்டை எடுத்து வீசிக் காட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது. கஞ்சி குடித்து நாக்கு செத்திருந்தது. டாக்டர் வண்டியில் ஏறப்போன நேரம் பார்த்து, "எனக்கும் பனி, எனக்கும் பனி" என்று அழுதேன். அம்மாவும் என்னை முன்னே தள்ளிவிட்டாள்.

போலீஸ்காரர் சட்டென்று டாக்டருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "ஏலே மக்கா, ஒனக்குப் பனி இல்ல. வாய மூடிட்டு இரி." பிறகு அம்மாவிடம், "ஒண்ணு போயாச்சுல்லா? இவன இங்க வச்சுக்கோ" என்றார். அப்போது அவர் சிரித்தார். வாய்விட்டு அல்ல, மீசைக்குள்.

தம்பி திரும்பி வரவில்லை. ஓட்டுக் கட்டடம் வைசூரிக்காரர்களுக்கானது. போகும்போது ஒரு கொப்புளமும் இல்லாமல் போனவன் அங்கேதான் அதை வாங்கிக்கொண்டான். எங்களுக்கு உடம்பைக்கூடக் காட்டவில்லை. டாக்டர் எவ்வளவோ பார்த்தும் விதி விடவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி அழுதாள்.

எங்களை வெளியே விட்ட அன்று, பூதப்பாண்டிப் பாதையில் நடக்கும்போது, டாக்டரிடம் தான் சொன்னதையும் அவர் கேட்டதையும் அம்மா அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பா தலையிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினார். "நீ என்ன சொன்ன? மறுபடி சொல்லு." அம்மா மறுபடி சொன்னாள். அவர் பெட்டியில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். பிறகு தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். பெட்டி கனக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்பா பனியைப் பனி என்று சொன்னதில்லை. "வெளியே ஈரமா கெடக்கு" என்பார்.

நான் அரைகுறையாகப் படித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினவன். ஒருமுறை களியக்காவிளைக்கு மேற்கே ஒரு சாயாக்கடை பெஞ்சில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தேன். கடைக்காரர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த மனைவியிடம் மலையாளத்தில், "நல்ல பனியுண்டு" என்றார். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"எது பனி?" என்று கேட்டேன்.

"இதுதன்னே," என்று மறுபடியும் நெற்றியைத் தொட்டார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டருக்குத் தெரிந்தது ஒரு பனி, அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு பனி. போலீஸ்காரர் அப்பாவின் ஊர்ப் பக்கத்து ஆள். அப்பாவைப் போலவே அவருக்கும் இரண்டும் தெரியும். டாக்டர் புரிந்துகொண்டதைத் திருத்த அவருக்கு வாய் வரவில்லை. என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

படலைத் திறந்துவிட்ட அன்று, அவர் முதுகைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன். ரொட்டி கிடைக்காமல் செய்தாரே என்று துப்பினேன். வேறு எதற்குத் துப்பியிருக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.