ஆழமாக வெட்டச் சொன்னவள்

வவுணதீவில் வேன் டயருக்குக் காற்றுப் போய்விட்டது. கல்லில் எழுத்து வெட்டும் கடையொன்றின் நிழலில் நிற்கிறேன். போனில், நண்பனின் புத்தகத்துக்கு வந்த ஆங்கில மதிப்புரை. அவன் வசனங்களை ‘லாபிடரி’ என்று புகழ்ந்திருக்கிறார்கள். அகராதியில் தேடினேன்: கல்வெட்டுக்குரியது, கல்லில் பொறிக்கத்தக்க சுருக்கமும் அழுத்தமும் கொண்டது. காலையிலிருந்து வயிறு எரிகிறது. என் வசனத்தை யாரும் மதில்சுவரில்கூட எழுதியதில்லை.

கடையில் ஒரு பெண் கோயில் கிணற்றுக்கான உபயக் கல்லை முறைத்துப் பார்க்கிறாள். கனடாவிலிருக்கும் அக்காவின் பெயர் மேலே வெட்டி முடிந்துவிட்டது.

“என்ட பேரெல்லோ முதல்ல வரணும், அண்ணன். கிணறு கட்டி முடியும்வரைக்கும் வெயிலுக்க நிண்டது நான்.”

“வெட்டினத இனி அழிக்க ஏலாது, தங்கச்சி,” என்கிறார் கடைக்காரர்.

அவள் அக்காவின் பெயரை விரலால் தடவிப் பார்க்கிறாள்.

“அப்ப என்ட பேர ஆழமா வெட்டுங்க. மழையில அவட பேர் தேயட்டும்.”

கடைக்காரர் சிரிக்காமல் உளியை எடுக்கிறார்.

டயர் மாற்றியாயிற்று, டிரைவர் கூப்பிடுகிறார். ‘லாபிடரி’ என்ற அந்தச் சொல்லுக்குத் தகுந்த வசனத்தைக் காதால் கேட்டுவிட்டேன். அதுவும் என்னுடையதில்லை.