என் தக்காளிச் செடிக்கு நான் பார்த்த வைத்தியங்கள்

வேப்பங்கொட்டையை உரலில் இடித்துக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். புறவாசலில் சீமைத் தக்காளி போடுவது பயிர்வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். பாதிக்கு மேல் அது புழுவுக்குப் பந்தி பரிமாறுகிற வேலை. என்னைப் போலக் காலையில் எழுந்ததும் இலையைத் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தலையாட்டியது

எங்கள் ராஜபாளையத்து வேதக்கோயிலில் அறுப்புப் பண்டிகைக்கு ஆளுக்கொரு காணிக்கை கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். குருவின் சம்சாரத்தை ஐயரம்மா என்போம். அவர் பெண்கள் கூட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த விதைப் பொட்டலத்தைக் காட்டி, பண்டிகைக்குத் தக்காளி யார் தருவீர்கள் என்று கேட்டார். யார் எது கேட்டாலும் தலையாட்டிவிடுவது என் வழக்கம். வாயைத் திறந்து பதில் சொல்வதைவிட அது சுலபம். அன்றும் ஆட்டிவிட்டேன். உடனே என் பெயரைச் சொல்லி ஜெபமும் பண்ணிவிட்டார்கள்.

இனி ஒரு கூடைப் பழமாவது கொண்டுபோகாவிட்டால், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரான என் வீட்டுக்காரருக்கு ஊர்முன்னே தலைகுனிவு. பயந்துகொண்டே அவரிடம் சொன்னேன். "நல்லவேளை, யானை யாரு தருவீங்கன்னு கேக்கல" என்றார்.

சாம்பல்

செடி பூக்கிற நேரம் இலையடியில் பேன் அப்பிக்கொண்டது. பனி காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவினால் போய்விடும் என்று மாமியார் சொன்னார். தொட்டிலில் பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அவசரத்தில் ஆறாத சாம்பலை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினேன். பேனும் போயிற்று, அந்தப் பக்கத்து இலையும் போயிற்று. மாமியார் வந்து கருகின கொப்பைத் தூக்கிப் பார்த்தார். "பேனச் சுடச் சொன்னனா, செடியச் சுடச் சொன்னனா?"

கோழி

அடுத்தது காய்ப்புழு. பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்கா, தெலுங்கு பாதி தமிழ் பாதியாகப் பேசுகிறவர், கோழியை விட்டால் ஒரு புழு மிஞ்சாது என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதே எனக்கு. தம் வீட்டுக் கோழிகளையே கொண்டுவந்து விட்டார். அவை கொஞ்ச நேரம் புழுவைக் கொத்தின. பொறவு சிவந்திருந்த முதல் பழத்தைக் கொத்தின. ருசி பிடித்துப்போய்க் காய்க்கும் பாய்ந்தன. நான் முந்தானையை வீசி விரட்டிக்கொண்டிருக்க, அக்கா சுவரோரம் நின்று நிதானமாகச் சொன்னார்: "புழு எது, பழம் எதுன்னு நீதானம்மா அதுகளுக்குக் காட்டிக் குடுத்திருக்கணும்?"

புகையிலைக் காம்பு

புகையிலைக் காம்பைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அந்தத் தண்ணீரோடு சவுக்காரம் கரைத்துத் தெளித்தால் பூச்சி அண்டாது என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரரோ புகையிலை கூடாது என்று ஞாயிறுதோறும் வாலிபர்களுக்குப் புத்தி சொல்கிறவர். ஆகவே கடைவீதிக்கு நானே முக்காடு போட்டுக்கொண்டு போனேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். செடிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன நினைப்பார்?

காம்பைப் பொட்டலம் கட்டினார். மேலே ஒரு நல்ல இலையையும் வைத்தார். குரலைத் தாழ்த்தி, "வாத்தியார்ட்ட மூச்சு விட மாட்டேன் தாயி. எங்க வீட்டுலயும் அவ என்கிட்ட மறைச்சுத்தான் போடுதா" என்றார்.

ஏலம்

புழுவுக்கும் கோழிக்கும் போக ஒரு சின்னக் கூடை தேறியது. புகையிலை வாடை போகக் கழுவிக் கழுவித் துடைத்து, ஓட்டை விழுந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிக் கொண்டுபோய் வைத்தேன். கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்துகொண்டேன். ஏலம் விட்ட உபதேசியார் எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஒரு பழத்தைத் தூக்கிப் பிடித்தார். அதிலிருந்து பச்சைப் புழு ஒன்று மெதுவாக வெளியே வந்து அவர் விரலில் ஏறி, தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தது.

ஆண்கள் பக்கமிருந்து மரக்கடைக்காரர் ஒருவர், புழு பழத்தோடு சேர்த்தியா, இல்லை தனி ஏலமா என்று கேட்டார். கோயிலே சிரித்தது. என் வீட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்துக்குள் குனிந்து எதையோ தேடினார். அவர் காது சிவந்திருந்தது. எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். "புழு சும்மா, அண்ணாச்சி. பழத்துக்கு மட்டும் கேளுங்க."

என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். மரக்கடைக்காரர் கூடையை மொத்தமாகக் கேட்டு எடுத்துக்கொண்டு, போகிறபோது அவரிடம் சொன்னார்: "வாத்தியாரே, அம்மாவுக்குப் பேச வரும்னு இத்தன நாளும் எங்கள்ட்ட சொல்லவே இல்லையே."

ஆகமொத்தம், என் வைத்தியம் எல்லாவற்றையும் தாங்கிப் பிழைத்த செடிக்குப் புழு ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் நான் கண்டது, ஆனாலும் காய்ப்புழுவுக்கு உண்மையிலேயே கேட்கிற மருந்து ஒன்று உண்டு, அது என்னவென்றால், இருங்கள், சுப்பம்மா அக்கா தன் செடியில் என்னமோ ஊருகிறது, ஓடி வா என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார், உரலில் இருக்கிற இதை நீங்கள் பொழுது சாய்ந்த பிறகு...