ஹெச்.பி.வி.யும் ஒரு பை-டூ காபியும்

கேன்சர் ஆஸ்பத்திரியில் கவுன்சலர் வேலை வேறொன்றுமில்லை. டாக்டர் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விடுவார், அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியது நாம். பெங்களூரில் என்னைப் போல அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். செல்வராஜும் அவர் மனைவி கௌரியும் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் கேளுங்கள்.

சுத்தமான வாய்

செல்வராஜ் ஆனேக்கல் பக்கம் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். தொண்டையை ஒட்டி அடிநாக்கில் கட்டி. பீடி, சிகரெட், குட்கா உண்டா என்று வழக்கம்போலக் கேட்டுத் தொலைத்தேன். மனிதர் கொதித்துப்போனார். கௌரி அவருக்கு மேல்.

அரை மணி கழித்து கேன்டீனில் பார்த்தேன். ஒரே காபியை வாங்கி இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள், நம்ம ஊர் பை-டூ. என்னைக் கண்டதும் கௌரிக்கு மறுபடி ஆற்றாமை பொங்கிவிட்டது.

"கல்யாண வீட்டு பீடாவைக்கூட என் கையில குடுத்துடுவாரு மேடம். போயும் போயும் இவருக்கா இது?"

ஒரே ஒரு எழுத்து

பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. "ஹெச்.பி.வி. பாசிட்டிவ். ஒரு வகையில நல்ல செய்திதான்" என்று டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். கௌரி காதில் விழுந்ததோ ஹெச்.ஐ.வி.! அதற்கு ஒருத்தர் சிரிப்பாரா? விருட்டென்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த முறை செல்வராஜ் தனியாக வந்தார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேச்சு அடியோடு நின்றுவிட்டது. ரேடியேஷனுக்குத் தேதி குறிக்கலாம் என்றேன். மனிதர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஹோக்லி பிடி மேடம், போகட்டும் விடுங்க. யாருக்காக நான் பொழைக்கணும்?"

கௌரியின் கேள்வி

போனில் கெஞ்சி, அதட்டி, ஒருவழியாக கௌரியை வரவழைத்தேன். அம்மா தாயே, இது வேற வைரஸ். ஹெச்.ஐ.வி.யே ஆனாலும் தட்டு, டம்ளரில் ஒட்டாது. இது உடம்பால் நெருங்கிப் பழகுவதில் வருவது. ஊரில் ஏகப்பட்ட பேருக்கு வந்து, பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தொண்டையில் தங்கி, பல வருஷம் கழித்து வேலையைக் காட்டும். இதனால் அந்த இடத்தில் வரும் கேன்சர், புகையிலையால் வருவதைவிட வைத்தியத்துக்கு நன்றாகவே மசியும். டாக்டர் சிரித்தது அதற்குத்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி வந்ததா, பின்னாடியா?" அதை எந்த டெஸ்ட்டும் சொல்லாது என்றேன். பொய் சொல்லி ஆறுதல் தர எனக்கு வாய் வரவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, முதல்ல ஆளு பொழைச்சு வரட்டும். சண்டையை வீட்ல வச்சிக்கறேன்."

பாதிப் பாதி

ரேடியேஷன் நாட்களில் தினமும் கூடவே வந்தாள், ஆனால் உர்ரென்றுதான். தனக்கு ஒரு முழுக் காபி வாங்கித் தனி மேஜையில் குடிப்பாள். செல்வராஜுக்குத் தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை, குரல் போயே போய்விட்டது. ஆனாலும் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை என்றார் டாக்டர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இதில் என்ன வெட்கம்!

கேன்டீன் கவுண்டரில் கௌரியின் குரல் கேட்டது: "அண்ணா, ஒரு பை-டூ!" செல்வராஜ் கரகரத்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இரண்டு வாய் குடித்துவிட்டு, ருசியே தெரியவில்லை என்று டம்ளரைத் தள்ளினார். அவள் அதை எடுத்து, அப்படியே வாய் வைத்துக் குடித்தாள். சண்டை முடிஞ்சுதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க மேடம்! இப்பதானே இவருக்குக் குரலே வந்திருக்கு. திருப்பிப் பேசாத ஆளுகிட்ட சண்டை போட்டா நல்லாவா இருக்கும்?"

ஆக, குணமாவதும் பை-டூ கணக்குதான் போலிருக்கிறது: பாதி டாக்டர் கொடுப்பது, மீதிப் பாதி சண்டை போட ஆள் வேண்டும் என்று வீட்டில் ஒருத்தி பிடிக்கும் பிடிவாதம்.