பம்ப்காரரின் இடமாற்றம்

ஊருக்கே குடிதண்ணீர் அனுப்புகிற மனிதரால் சொந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை என்றால் சிரிப்பீர்கள். பம்ப்காரரின் பிழைப்பு அப்படித்தான். ஆற்றின் நடுவே ஒரு கிணறு, அதன்மேல் மோட்டார் அறை, ஒட்டினாற்போல் ஒரு படுக்கையறை. சுற்றிலும் தண்ணீர். மனைவியும் மகளும் கரைக்கு அப்பால் ஊருக்குள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் படகேறிப் போவார். மனைவி அவரை "விருந்தாளி" என்றுதான் கூப்பிடுவாள்.

தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு கம்பிச் சல்லடை உண்டு. ஆகாயத்தாமரை, செத்த மீன், கரையில் துவைப்பவர்கள் நழுவவிட்ட சட்டை, சில நாட்களில் உயிரோடு ஓர் ஆமை, எல்லாம் அதில் வந்து அடைத்துக்கொள்ளும். கொக்கிக் கழியால் இழுத்துப்போட வேண்டும். அந்தக் குப்பையில் மீன் பொறுக்க நீர்நாய்கள் வரும். அவை அவரை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. வேலையில் சேர்ந்த வருடமே, மோட்டாரின் சத்தம் மாறியதைத் தூக்கத்தில் கேட்டு எழுந்து, அது எரிந்துபோகாமல் காப்பாற்றினார். "இவர் இல்லாமல் இந்த நிலையம் இல்லை" என்று பாராட்டுக் கடிதம் வந்தது.

அதை ஒவ்வொரு வருடமும் இடமாற்ற விண்ணப்பத்தோடு பெருமையாக இணைத்து அனுப்பினார் மனிதர். பதினாறு வருடம், பதினாறு மறுப்பு. கடைசியில் அலுவலகக் குமாஸ்தாவுக்கே பொறுக்கவில்லை.

"ஏண்ணே, நீங்க இல்லாம முடியாதுங்கற கடிதத்த நீங்களே குடுத்தா எவன் விடுவான்?"

இந்த முறை கடிதம் வைக்கவில்லை. உத்தரவு வந்துவிட்டது. புதிய ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

புதியவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். இங்கேயே குடியிருக்கப் போகிறார்களாம். பம்ப்காரர் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பதுபோல் கவனித்தார்.

"காத்து சும்மா பிச்சுக்கிட்டு வரும். மீனுக்குப் பஞ்சமே இல்ல."

"முதலை இருக்குன்னாங்களே?" என்றார் புதியவர்.

"அதெல்லாம் அந்தக் காலம் தம்பி."

வாய் கூசாமல் சொன்னார். முந்தின நாள்கூட அது கடைசிப் படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கையெழுத்து விழட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

புதியவர் பேனாவைத் திறந்தார். அவர் மனைவி குழந்தையின் சட்டையைக் கழற்றியபடி கேட்டாள்.

"அண்ணா, இவள இந்தப் படியிலயே குளிப்பாட்டலாம்ல? தண்ணி தூக்குற வேல மிச்சம்."

பம்ப்காரர் கடைசிப் படியைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் அரைமணி நேரத்தில் அவர் வீட்டில் இருப்பார்.

"இறங்காதம்மா. முதலை இருக்கு. நான் பொய் சொல்லிட்டேன்."

புதியவர் பேனாவை மூடினார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று பேரும் வந்த படகிலேயே திரும்பிப் போனார்கள்.

போன் அடித்தது. மனைவிதான்.

"கிளம்பிட்டீங்களா? உலை கொதிக்குது. மூணு பேருக்கு அரிசி போட்டுடவா?"

"ரெண்டு பேருக்கே போடு," என்றார்.